ஆங்கில இலக்கணமும் சொல்வளமும்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலம் கற்பது தொடர்பாக வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்து இந்த இதழில் விடை எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலம் வர வேண்டுமானால் தமிழை ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் நான் அதை ஏற்கவில்லை. பள்ளியில் படித்த வேற்றுமை உருபும் பெயரெச்சமும் வழுவும் மரபும் ஆங்கிலம் படிப்பவருக்கு மிகப் பெரிய துணை. கீழுள்ள விடைகள் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

கேள்வி: ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது பொறியியல் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். 'எ', 'அன்', 'தி' மூன்றுக்கும் உரிய விதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் எழுதும்போது பாதி இடங்களில் விட்டுவிடுகிறேன். வேண்டாத இடங்களில் போட்டுவிடுகிறேன். இதற்கு என்ன வழி?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: விதி தெரிந்தும் கை தவறுவதற்குக் காரணம் இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இப்படி ஒரு சொல்லைக் கட்டாயமாக நிறுத்தும் வழக்கம் தமிழில் இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் செய்யும் வேலையைத் தமிழ் வேறோர் இடத்தில் செய்கிறது. 'கடையில் பேனா வாங்கினேன்' என்கிறீர்கள். மறுநாள் 'பேனாவைத் தொலைத்துவிட்டேன்' என்கிறீர்கள். முதல் வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' தொக்கி நிற்கிறது. அடுத்ததில் வெளிப்பட்டு வருகிறது. எந்தப் பேனா என்று கேட்பவருக்கு இன்னும் தெரியாதபோது உருபு பெரும்பாலும் மறைகிறது, தெரிந்த பிறகு வருகிறது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்துக்கு 'எ பென்', இரண்டாவதற்கு 'தி பென்'. ஆகவே, செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயரில் ஐயம் எழும்போது, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, 'ஐ' இயல்பாக வருகிறதா என்று கவனியுங்கள். உயர்திணைப் பெயர் எப்போதும் உருபு ஏற்கும் என்பதால் ('ஒரு மாணவனைப் பார்த்தேன்') அங்கே இந்தச் சோதனை பயன்படாது. எழுவாயிலும் பயன்படாது. அந்த இடங்களில், 'எது என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா?' என்ற கேள்வியை நேராகவே கேட்டுக்கொள்ள வேண்டும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் 'தி' வருவதும் இதனால்தான். எந்தச் சூரியன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் உங்கள் பிழைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும். எண்ணக்கூடிய பொருளின் ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் தனியாக நிற்காது. அதற்கு முன்னால் 'எ' வர வேண்டும், அல்லது 'தி', 'மை', 'திஸ்' போன்ற ஏதேனும் ஒன்று வர வேண்டும். 'ஐ பாட் பென்' என்று எழுதியதுமே உங்கள் கண் அந்த வெற்றிடத்தில் நிற்கப் பழக வேண்டும். எண்ணக்கூடியது எது என்பதில்தான் தமிழ் நம்மைத் தடுமாற வைக்கிறது. தகவல்கள், அறிவுரைகள், தளவாடங்கள் என்று நாம் தாராளமாகப் பன்மை சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்யுப்மென்ட்', 'லக்கேஜ்' ஆகியவற்றுக்குப் பன்மையும் இல்லை, 'அன்' என்ற முன்னொட்டும் இல்லை. 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். பொறியியல் அறிக்கைகளில் 'எக்யுப்மென்ட்ஸ்' என்று எழுதாத மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கல்வி, பொறுமை, இயற்கை போன்றவற்றைப் பொதுவாகப் பேசும்போது 'தி' வேண்டாம்: 'எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட்.' 'அன்' என்பது எழுத்தைப் பார்த்து வருவதில்லை, ஒலியைப் பார்த்து வருகிறது. 'அன் ஹவர்', 'எ யுனிவர்சிட்டி', 'அன் எம்.பி.ஏ.' ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொன்னால் விளங்கிவிடும். பயிற்சிக்கு, நல்ல ஆங்கில நாளேட்டில் ஒரு பத்தியை இந்த மூன்று சொற்களை மட்டும் விட்டுவிட்டு நகல் எழுதுங்கள். மறுநாள் அவற்றை நீங்களே நிரப்பி மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் தேடுவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர், திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: பாடப் புத்தகத்தில் சொற்கள் எல்லாம் தெரிந்தவையாகவே இருக்கின்றன. ஆனாலும் நீண்ட வாக்கியம் வந்தால் பொருள் பிடிபடுவதில்லை. ஏன்?
– பாலிடெக்னிக் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: 'நேற்று சந்தையில் என்னிடம் மாம்பழம் விற்ற பாட்டி இன்று வரவில்லை' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பாட்டியைப் பற்றிய விளக்கம் முழுவதும் 'விற்ற' என்ற பெயரெச்சத்தில் முடிந்து, பாட்டிக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பாட்டி முதலில் வருவாள். 'ஹூ' என்ற சொல்லுக்குப் பிறகுதான் மாம்பழமும் சந்தையும் நேற்றும் வரும். அவை முடிந்த பிறகே 'ஹேஸ் நாட் கம்' என்ற வினைமுற்று வரும். வினைமுற்றை வாக்கியத்தின் கடைசியில் எதிர்பார்த்துப் பழகிய நாம், ஆங்கில வாக்கியத்தின் நடுவில் இருக்கும் வினைமுற்றைத் தவறவிட்டுவிடுகிறோம். ஆகவே நீண்ட வாக்கியத்தில் முதலில் எழுவாயையும் அதன் வினைமுற்றையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவை தொடங்கிவைக்கும் பகுதியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

தொழில்நுட்ப நூல்களில் இந்தச் சொற்களும் மறைந்துவிடுவதால் சிக்கல் கூடுகிறது. 'தி வாட்டர் ஸ்டோர்ட் இன் தி டேங்க் ஃப்ளோஸ் த்ரூ தி பைப்' என்பதில் 'ஸ்டோர்ட்' வினைமுற்று போலத் தோன்றுகிறது. 'தண்ணீர் தேக்கியது' என்று படிக்கத் தொடங்கி, 'ஃப்ளோஸ்' வந்ததும் திகைக்கிறோம். உண்மையில் 'ஸ்டோர்ட்' என்பது 'தேக்கப்பட்ட' என்ற பெயரெச்சம். 'தொட்டியில் தேக்கப்பட்ட தண்ணீர் குழாய் வழியாகப் பாய்கிறது' என்பதே வாக்கியம்.

ஒருமை பன்மைப் பிழைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. 'மாம்பழங்களின் தரம்' என்னும்போது தலைமைச் சொல்லாகிய 'தரம்' வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'தி குவாலிட்டி ஆஃப் தி மாங்கோஸ்' என்னும்போது வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் நிற்பதால், நம் கை 'ஆர்' என்று எழுதிவிடுகிறது. தரம் ஒருமை, 'இஸ்' வர வேண்டும்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' தவறு என்கிறோம். பிள்ளைகள் காரணம் கேட்டால் 'அதுதான் விதி' என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை.
– ஆசிரியை, விருதுநகர்

பதில்: பிள்ளைகள் கேட்பது மிகச் சரியான கேள்வி, அம்மா. தமிழில் வினையெச்சத்தோடு சேரும் 'இரு' என்ற துணைவினை பல வேலைகளைச் செய்கிறது. 'நான் தஞ்சாவூர் பார்த்திருக்கிறேன்' என்பது அனுபவத்தைச் சொல்கிறது. 'கதவு திறந்திருக்கிறது' என்பது இப்போதைய நிலையைச் சொல்கிறது. 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பது, வாசலில் கிடக்கும் செருப்பையோ மேசைமேல் இருக்கும் பையையோ பார்த்து நாம் ஊகித்துச் சொல்வது. ஆங்கிலத்தின் 'ஹேவ்', 'ஹேஸ்' முதல் இரண்டு வேலைகளை ஏற்கின்றன, மூன்றாவதை ஏற்பதில்லை. கடந்ததை இந்த நொடியோடு கட்டுவது அவற்றின் தொழில். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ' போன்ற சொற்கள் அந்தக் கட்டை அறுத்து, நிகழ்ச்சியை முடிந்துபோன காலத்துக்குள் வைத்துவிடுகின்றன. ஆகவே அவை இரண்டும் ஒரு வாக்கியத்தில் சேர்வதில்லை. ஊகத்தைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் 'மஸ்ட் ஹேவ் கம்' என்று வேறு வழியில் போகிறது.

'போயிருந்தேன்' என்பதில் வரும் பிழை இதைவிடப் பரவலானது. 'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். போய்த் திரும்பியாயிற்று, அங்கே நடந்ததை இனிச் சொல்லப்போகிறேன் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அதை அப்படியே 'ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஐ வென்ட்' போதும். 'ஹேட்' வர வேண்டுமானால், அதற்குப் பின் நடந்த வேறொரு கடந்தகால நிகழ்ச்சி பேச்சில் இருக்க வேண்டும்: 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.' கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, வண்டி கிளம்பிய புள்ளியையும் நாம் நிலையத்தை அடைந்த புள்ளியையும் குறித்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

மூன்றாவதாக, 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதனால்தான் 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்ற வாக்கியம் பிறக்கிறது. தமிழில் '-ஆக' ஏற்ற காலச்சொல்லும் நிகழ்கால வினையும் சேர்ந்து வந்தால், ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' என்று தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அமெரிக்கர்கள் 'ஆல்ரெடி' வரும் இடங்களில் எளிய இறந்தகாலத்தையே பெரிதும் பயன்படுத்துவார்கள். பிள்ளைகள் அதைத் திரைப்படத்தில் கேட்டுவிட்டு வந்து கேட்டால், அதுவும் ஒரு வழக்கே என்று சொல்லுங்கள்.

கேள்வி: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஏன் தவறு? 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மட்டும் எப்படிச் சரியாகிறது?
– வாசகர், சேலம்

பதில்: இரண்டையும் தமிழில் '-கொண்டிருக்கிறேன்' போட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' இயல்பாக இருக்கிறது. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்றும் சொல்வதில்லை. ஆகவே 'ஐ ஆம் நோயிங்' கூடாது. செயலுக்குத் தொடர்வினை உண்டு, நிலைக்கு இல்லை. உங்கள் தமிழ்ச் செவி பெரும்பாலான இடங்களில் இதைச் சரியாகவே பிரித்துவிடும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அகராதியைத் திறந்து நாள்தோறும் முப்பது சொற்களை எழுதிப் படிக்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று நான்குதான் நினைவில் நிற்கின்றன. நினைவாற்றல் குறைவா, முறை தவறா?
– வாசகர், தேனி

பதில்: முறைதான் தவறு. அகராதி அகரவரிசையில் நடக்கிறது. மொழி அப்படி நடப்பதில்லை. ஆங்கிலத்தில் சில சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன, பல சொற்கள் ஆண்டுக்கு ஒருமுறைகூடக் கண்ணில் படுவதில்லை. இதை முதலில் கருத்தில் கொண்டவர்களுள் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர் அவர். மாணவர் முதலில் கற்க வேண்டிய ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை 1953இல் அவர் வெளியிட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில், கல்வி நூல்களில் துறை வேறுபாடின்றி அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்தார்; கல்வி நூல் ஒன்றில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு இந்தப் பட்டியலில் அடங்கிவிடும். நாவலையும் நாளேட்டையும் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் கணக்கிட்டிருக்கிறார். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் இரண்டாயிரத்தில் எதைக் கேட்டாலும் தடங்கலின்றிப் பொருள் சொல்ல முடியுமா என்பதை முதலில் சோதியுங்கள். அரிய சொற்களைத் தேடி அலையும் பலருக்கு 'கெட்', 'செட்', 'டர்ன்', 'டேக்' ஆகியவற்றின் பொருள்களில் பாதி தெரியாது.

மறதியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மையே சோதித்து, படித்தவற்றில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாட்களில் மறந்துபோகிறது என்றும், பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்றும் காட்டிவிட்டார். ஆகவே ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட, மறுநாளும் மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் ஒவ்வொரு முறை நினைவுகூர்வது பலன் தரும். நினைவுகூர்வது என்றால் பட்டியலை மறுபடி பார்ப்பது ஆகாது. அட்டையின் ஒரு பக்கத்தில் சொல் வரும் வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள். மறுபக்கத்தில் சொல்லை எழுதுங்கள். காலியிடத்தை மனத்திலிருந்து நிரப்பிய பிறகே அட்டையைத் திருப்புங்கள். ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ அட்டைகள் போதும்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறேன். குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும் என்று நாம் சிறுவயதிலேயே படித்தோம். பூனைக்குட்டி, கோழிக்குஞ்சு, யானைக்கன்று என்று இளமைப் பெயர்களைப் படித்தோம். தொல்காப்பியர் இதற்காகவே மரபியல் என்று ஓர் இயல் வகுத்தார். நன்னூல் கூறும் ஏழு வழுக்களில் மரபு வழுவும் ஒன்று. கோழிக்கன்று என்றாலும் பொருள் விளங்கத்தான் செய்யும். ஆனால் அது மரபு இல்லை. ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு மரபு இருக்கிறது. அது தெரியாதவர் எழுதும் ஆங்கிலம், இலக்கணம் சரியாக இருந்தும் அயலார் எழுதியதாகவே தோன்றும். நாம் பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம் என்று மூன்றுக்கும் ஒரே அடைமொழி தருகிறோம். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', காயத்துக்கு 'சீரியஸ்'. தவறு செய்கிறோம், வீட்டுப்பாடம் செய்கிறோம், குற்றம் செய்கிறோம். ஆங்கிலத்தில் தவறுக்கு 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ', குற்றத்துக்கு 'கமிட்'. 'ரெய்ன்' என்றால் மழை என்று தனியாக எழுதிப் படித்தவருக்கு இந்த உறவுகள் கிடைக்காமலே போய்விடும். ஆகவே உங்கள் அட்டைகளில் தனிச் சொல் இருக்கவே கூடாது. 'ஹெவி ரெய்ன்', 'கமிட் எ க்ரைம்' என்று துணையோடு எழுதுங்கள்.

பகுபதம் பிரிக்கப் பழகியவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'டிஸைட்', 'டிஸிஷன்', 'டிஸைஸிவ்', 'இன்டிஸைஸிவ்' ஆகியவை ஒரே பகுதியிலிருந்து கிளைத்தவை. விகுதி மாறும்போது சொல் பெயராகிறதா, அடையாகிறதா என்று கவனித்து நான்கையும் ஒரே அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் அகராதி, ஆங்கிலம்–ஆங்கில அகராதி இரண்டில் எதைப் பயன்படுத்துவது? தமிழ் அகராதி பார்த்தால் ஆங்கிலம் வராது என்கிறார் எங்கள் ஆசிரியர்.
– உயர்தர மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் வேண்டும், இரண்டின் வேலையும் வேறு. பொருளை உடனே, ஐயமின்றிப் பிடித்துக்கொள்ளத் தமிழ் உதவுகிறது. குறிப்பாகப் பொருட்பெயர்களுக்கும் துறைச் சொற்களுக்கும் ஆங்கில விளக்கத்தில் மல்லாடுவது வீண். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் பயன்தரும் தொகுப்பு. உங்கள் மண்ணுக்கும் அகராதிப் பணிக்கும் நெடிய உறவு உண்டு. மைரன் வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட பெரிய தமிழ்–ஆங்கில அகராதியின் தொகுப்பு வேலை யாழ்ப்பாணத்து மிஷனரிகளிடையே தொடங்கியதுதான்.

ஆனால் ஒரு சொல்லை எழுதவும் பேசவும் வேண்டுமானால், அயல்மொழி மாணவர்களுக்கென்றே செய்யப்பட்ட ஆங்கில அகராதியைத் திறக்க வேண்டும். அந்த வகை அகராதிகளுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது 1942இல் அங்கே வெளியிட்ட அகராதியை, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. ஒரு வினைக்குப் பிறகு எந்த அமைப்பு வரும், ஒரு பெயர் எண்ணக்கூடியதா இல்லையா என்பதையெல்லாம் அதில் அவர் குறித்தார். இன்றைய அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் எண்ணக்கூடியது, 'யு' இருந்தால் எண்ண முடியாதது. மேலே திண்டுக்கல் மாணவிக்குச் சொன்ன சிக்கலுக்கு இந்த ஓர் எழுத்தில் தீர்வு இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். விளக்கங்கள் கடினமாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். லாங்மன் நிறுவனம் 1978இல் வெளியிட்ட அகராதியில், எல்லா விளக்கங்களும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டன.

கேள்வி: 'டு', 'அட்', 'ஃபார்', 'இன்', 'ஆன்' ஆகியவற்றுள் எது எங்கே வரும் என்று எனக்கு எப்போதும் குழப்பம். ஒரு சூத்திரம் தாருங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரே சூத்திரம் இருந்தால் உடனே தந்துவிடுவேன், இல்லை. குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதை மட்டும் காட்ட முடியும். 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபை எடுத்துக்கொள்ளுங்கள். 'மதுரைக்குப் போனேன்' என்பதில் அது 'டு'. 'ஐந்து மணிக்கு வந்தேன்' என்பதில் 'அட்'. 'பத்து ரூபாய்க்கு வாங்கினேன்' என்பதில் 'ஃபார்'. 'வீட்டுக்குப் போனேன்' என்பதில் எதுவுமே இல்லை. 'ஐ வென்ட் ஹோம்' என்பதே சரி. 'எனக்குப் பிடிக்கும்' என்பதிலோ அந்த 'எனக்கு' எழுவாயாகவே மாறி 'ஐ லைக்' ஆகிவிடுகிறது. 'இல்' உருபும் இப்படித்தான்: அறையில் என்றால் 'இன்', சுவரில் என்றால் 'ஆன்', பேருந்து நிலையத்தில் என்றால் 'அட்'. தமிழ் உருபு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, படிக்கும்போது எதிர்ப்படும் வாக்கியங்களை அதில் சேர்த்து வாருங்கள். சில மாதங்களில் அந்தக் குறிப்பேடு எந்த இலக்கண நூலைவிடவும் உங்களுக்குப் பயன்படும்.

உருபின் நினைவில் நாம் கூடுதலாகச் சேர்த்துவிடும் இடங்களும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்கிறோம்; 'டிஸ்கஸ்' 'அபௌட்' ஏற்காது. 'மேரி' (மணந்துகொள்) 'வித்' ஏற்காது. 'ரீச்' 'டு' ஏற்காது. இதற்கு எதிராக, 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெய்ன் மி' என்று சுருக்கிவிடுகிறோம். அங்கே 'டு' கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'ஐ ஹேவ் எ டௌட்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இவை பிழைகளா?
– மென்பொருள் நிறுவன ஊழியர், சென்னை

பதில்: நன்னூல் வழு என்றும் வழுவமைதி என்றும் பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்துக்கு மாறுபட்டாலும் சான்றோர் வழக்கில் ஏற்கப்பட்டால் அது வழுவமைதி. 'ப்ரீபோன்' (குறித்த நாளுக்கு முன்பாக மாற்றி வைத்தல்) இந்தியாவில் வேரூன்றி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது. இந்தியருக்கு எழுதும்போது அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'மூவ் தி மீட்டிங் ஃபார்வர்ட் டு மண்டே' என்று நாளையும் சேர்த்து எழுதிவிடுவது பாதுகாப்பு. 'டௌட்' சற்றுக் கவனிக்க வேண்டியது. நாம் விளக்கம் கேட்கும் பொருளில் சொல்கிறோம். அவர்களுக்கு அது நம்பிக்கையின்மையாகப் படலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று எழுதுங்கள். 'பாஸ்ட் அவுட் இன் 2019' என்று தன்விவரக் குறிப்பில் எழுதினால் மயங்கி விழுந்ததாகப் பொருள் கொள்ள இடமுண்டு. 'கிராஜுவேட்டட்' என்பதே தெளிவு. 'ரிட்டர்ன் பேக்', 'டிஸ்கஸ் அபௌட்' போன்றவற்றுக்கு நான் அமைதி கூற மாட்டேன். அவை திருத்திக்கொள்ள வேண்டியவை.

கேள்வி: செவிலியர் பணிக்கு வெளிநாடு செல்ல ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப்போகிறேன். கட்டுரையில் கடினமான சொற்களைச் சேர்த்தால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள்.
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: கட்டுரைக்கு மதிப்பெண் தரும் அளவுகோல்கள் நான்கு: கேட்ட கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறீர்களா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் பிழையின்மையும். நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளம் என்னும்போது சொல் பொருத்தமாக விழுகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்த அரிய சொல்லைப் பொருந்தாத இடத்தில் வைத்தால் இரண்டு அளவுகோல்களில் இழப்பீர்கள். 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய அந்தக் கட்டுரையில், தெரிந்த சொற்களைச் சரியான துணைகளோடு எழுதுங்கள். நோயாளியிடம் பேசும் ஆங்கிலமும் எளியதாகத்தான் இருக்க வேண்டும். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எப்படிப்பட்ட வலி என்று கேட்கவும், 'டல்', 'ஷார்ப்', 'த்ராபிங்' ஆகியவற்றின் வேறுபாட்டை உணரவும் உங்களுக்குத் தெரிந்தால், அது மனப்பாடச் சொற்களைவிட நெடுநாள் உதவும்.

கேள்வி: 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். என்ன தவறு?
– பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

பதில்: தமிழில் 'அவன் எங்கே இருக்கிறான்?' என்று நேராகக் கேட்டாலும், 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்றாலும் உள்ளிருக்கும் கேள்வி மாறுவதில்லை; 'என்று' அதை அப்படியே ஏந்திக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'என்று' போல ஏந்தும் சொல் அங்கே இல்லாததால், கேள்வி தன் வடிவத்தை விட்டுவிட்டுச் சாதாரண வாக்கியமாக மாற வேண்டும்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.' கேள்விக்காக முன்னால் வந்த 'இஸ்', எழுவாய்க்குப் பின்னால் திரும்பிப் போகிறது. 'டஸ்', 'டிட்' வந்திருந்தால் அவை மறைந்து, காலம் வினைக்குள் புகுந்துகொள்ளும். இப்போது 'வாட் டஸ் ஷி வான்ட்?', 'வென் டிட் தி பஸ் லீவ்?', 'ஹௌ ஓல்ட் ஆர் யு?' ஆகிய மூன்றையும் 'டெல் மி' என்று தொடங்கி மாற்றி எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள்.